‘பனி’ என்று எழுதிய நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஞா. பூங்கனி, வயது 67,
வடசேரி, நாகர்கோவில்.

பெறுநர்:
உயர்திரு சுகாதார இலாகா டைரக்டர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: என் பேத்தி டாக்டர் தேவகனி நோயாளிகளின் சொல்லை எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் பறிக்கப்பட்டது சம்பந்தமாக.

கனம் பொருந்திய ஐயா,

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. என் மகன் ஜெபதாஸின் மகள் தேவகனி மதராஸில் எம்.பி.பி.எஸ். தேறி, மூன்று வருஷமாக இவ்வூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை அறையில் இருக்கிறாள். லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றை ஆராய்கிறாள். ஆணிலும் பெண்ணிலும் எங்கள் குடும்பத்தில் டாக்டரானது அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியின் பெயரும் பெரிய டாக்டரின் பெயரும் தனித்தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். நாலு குமாஸ்தா கை மாறும் மனுவில் ஒருவர் மானம் போக வேண்டாம்.

2. போன மாசியில் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து மரம் அறுக்கும் ராஜையன் என்பவர் வந்தார். "மூணு மாசமா பனியாக்கும் டாக்டரே" என்று நான்கு தடவை வந்து சொல்லியிருக்கிறார். சீட்டு எழுதிய டாக்டர் வடக்கே மதராஸ் பக்கமிருந்து வந்தவர். பனி என்றதும் ஜலதோஷம் என்று எழுதி இருமல் மருந்து கொடுத்தார். ஐந்தாம் தடவை பல் ஈறில் ரத்தம் கண்டு பேத்தியின் அறைக்கு அனுப்பினார்கள். ராஜையனின் மனைவி ஓமனா அவளிடம், "பனி பனின்னு தொண்டத்தண்ணி வத்தச் சொன்னோம் மக்கா. அந்த சாரு மூக்கத்தான் பாத்தாரு, நெத்தியத் தொடல்ல" என்றாளாம். நான் பிறந்தது அந்தப் பக்கம். சிறுவயதில் பேத்தியின் நெற்றியைத் தொட்டு, "பிள்ளைக்குப் பனியாக்கும்" என்று நான் சொல்லிச் சொல்லித்தான் பனி என்றால் காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியும். அவள் உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ரத்தப் புற்று.

3. ராஜையன் தனக்கு என்ன கேடு என்று கேட்டார். பேத்தி அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னாள். மீட்கும் மருந்து இன்னும் இல்லை என்பதையும் சொன்னாள். அவர், "மவளுக்க கல்யாணத்துக்குக் கட்டிலுக்கு பலக அறுத்துப் போட்டிருக்கேன். தீக்க நாள் உண்டுமா?" என்றார். "உண்டு அண்ணாச்சி, ஆனா தள்ளிப் போடாதீங்க" என்றாள். கட்டிலைச் செய்து தீர்த்துவிட்டுத்தான் வைகாசியில் இறந்தார்.

4. அதிலிருந்து பேத்தி ஒரு நோட்டு வைத்தாள். இடது பக்கம் நோயாளி சொன்ன சொல், சொன்னபடியே. வலது பக்கம் ரத்தத்தில் கண்டது. இதுவரை ஒன்பது பேருக்கு அந்தப் புற்று. அதில் ஆறு பேர் வந்த முதல் நாளே உடம்புக்கு என்ன என்பதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டில்தான் வேறாக ஏறியிருக்கிறது.

5. ஆவணி மாதம் பெரிய டாக்டர் அந்த நோட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். பட்டிக்காட்டுப் பேச்சு வைத்தியம் ஆகாது என்றும், நோயாளியிடம் நோயைச் சொன்னது குற்றம் என்றும் காரணம் சொன்னார். வடக்கே இருந்து வந்தவருக்குப் பனி தெரியாதது குற்றமென்று நான் சொல்லவில்லை. என்னவென்று திருப்பிக் கேட்டிருக்கலாம். சொன்னது குற்றமென்றால், அந்தக் கட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

6. வரும் கார்த்திகையில் மதராஸில் டாக்டர்கள் கூடும் சபையில் இதைப் பற்றி வாசிக்கப் பேத்தியை அழைத்திருக்கிறார்கள். நோட்டு இல்லாமல் அவள் போகமாட்டாள். "ஞாபகத்திலிருந்து சொன்னா அது என் சொல்லாயிரும் பாட்டி" என்கிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஆகையால் தங்கள் சமூகம் விசாரித்து, நோட்டைக் கார்த்திகைக்கு முன் அவள் கையில் சேர்ப்பிக்க உத்தரவிடும்படி வேண்டுகிறேன்.

இன்னும் ஒன்று. இந்த மனுவைத் தங்கள் ஆபீசில் இங்கிலீஷில் பெயர்த்து எழுதுவார்கள் என்று கேள்வி. ராஜையன் சொன்ன பனியைப் பனி என்றே எழுதச் சொல்லவும். தங்கள் தாய்மொழி மலையாளம் என்கிறார்கள்; அதிலும் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பேர். பெயர்க்கிறவருக்கு அர்த்தம் தெரியாவிட்டால் தங்களிடமே கேட்கட்டும்.

இடம்: வடசேரி
தேதி: 26-10-1953 (கொல்லம் 1129 ஐப்பசி)

டாக்டர் தேவகனியின் பாட்டி,
ஞா. பூங்கனி
(கையொப்பம்)