ஒன்பதாம் கட்டத்துக்கு வண்டி இறங்க வழி கோருதல்

அனுப்புநர்:
பா. பிரேம்குமார், டிப்ளமோ (சிவில்),
த/பெ பாவாடை,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.

பெறுநர்:
ஏரி வண்டல் மண் அனுமதி அலுவலர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: அனுமதி இருந்தும் மண் எடுக்க இயலாமை – பொதுச் சரிவு அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 14.05.2025 புதன்கிழமை காலை 6.10 முதல் 9.40 வரை, தவளக்குப்பத்துக்கு மேற்கே உள்ள எங்கள் சொந்தக் கிராமத்து ஏரியிலிருந்து பதினாறு டிராக்டர் வண்டல் மண் வெளியேறியது. கரையில் நின்று நானே எண்ணினேன். பதினாறு நடையும் சிலம்பரசன் என்பவருடைய வண்டிகளில். தாங்கள் கையொப்பமிட்ட அனுமதியைப் பையில் வைத்திருக்கும் எனக்கு ஒரு வண்டி கூட இல்லை.

2. சிலம்பரசனுக்கு அனுமதி கிடையாது. அவர் கேட்கவும் இல்லை. இருப்பது இரண்டு டிராக்டர், ஒரு ஜேசிபி, கரையை ஒட்டி மாமனார் நிலம். அந்த நிலம் வழியாக அவர் வெட்டிய சரிவில்தான் வண்டி இறங்க முடியும். அனுமதி பெற்ற எல்லோரும் அவரையே கூப்பிடுகிறார்கள். வாடகை இல்லை, நான்கு வண்டிக்கு ஒரு வண்டி மண் அவருக்கு. ஊர் வழக்கமாம்.

3. நான் ஒப்பவில்லை. வெளியிலிருந்து டிராக்டர் கொண்டுவந்தேன். ஓட்டுநர் ஹரிகிருஷ்ணன் சரிவுக்கு வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, "சிலம்பு அண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும் சார், இறங்குறேன்" என்றார். யாரும் தடுக்கவில்லை, மிரட்டவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். சிலம்பரசன் அப்போது அங்கேயே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார்.

4. என் தவறையும் மறைக்கவில்லை. ஏரியை அளந்து ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கிய நாளில் மற்றவர்கள் சரிவை ஒட்டியே கேட்டு வாங்கினார்கள். நான் ஆறு இடத்தில் மண்ணைப் பரிசோதித்து, களி அதிகமுள்ள ஒன்பதாம் கட்டத்தை நடு ஏரியில் வாங்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். சுற்றிலும் பிறர் கட்டம். மண்ணைப் பார்த்தேன், வழியைப் பார்க்கவில்லை. கண்ணையன் என்ற விவசாயி, "இன்ஜினியரு ஹெலிகாப்டர்ல அள்ளுவாரு, தள்ளி நில்லுங்கடா" என்றார். கரையே சிரித்தது. என் தகப்பனாரும் சிரித்தார்.

5. எங்கள் அறுபது சென்ட்டும் மணல். இரண்டு போகம் மணிலாக் கடலை கருகிவிட்டது. இந்தக் கோடையில் வண்டல் பரப்பாவிட்டால் நிலத்தைச் சிலம்பரசனுக்கே குத்தகைக்கு விடுவதாகத் தகப்பனார் சொல்லிவிட்டார். நேற்று அவர் வீடு திரும்பியதும் சிலம்பரசன் டிராக்டரில்தான்.

6. பொறாமை என்பார்கள். சொல்லட்டும். பத்தாம் வகுப்பில் என் கணக்கைப் பார்த்து எழுதியவர், இன்று ஒரு கையொப்பமும் இல்லாமல் ஏரியை நடத்துகிறார். மண் எடுக்கும் உரிமையைத் தாங்கள் தந்தீர்கள். எடுக்க முடிவது சரிவாலும், வண்டியாலும், அவருடைய ஒரு வார்த்தையாலும். இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் வண்டி வழியையும் அளந்து குறித்து, தெற்குக் கரையில் பொதுச் சரிவு அமைத்துத் தர வேண்டுகிறேன். என் அனுமதி 31.05.2025 அன்று முடிகிறது.

இனி நான் செய்யவிருப்பவை:

1. தினமும் காலை ஆறு மணிக்குக் கரையில் நின்று வண்டிகளை எண்ணுவேன்.
2. தெற்குச் சரிவுக்கான வரைபடத்தை 20ஆம் தேதி நேரில் கொண்டுவந்து தருவேன்.
3. 26ஆம் தேதி மாலை வரை தங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.
4. பதில் இல்லையென்றால், 27ஆம் தேதி காலை சிலம்பரசனிடமே போய் வழி கேட்பேன். உடனே கொடுத்துவிடுவார். உன்னிடம் நாலில் ஒன்று கூட வேண்டாம் என்பார். அந்த நிலைக்கு என்னை விட்டுவிடாதீர்கள் ஐயா.

இடம்: புதுச்சேரி
நாள்: 15.05.2025

(ஒப்பம்)
பா. பிரேம்குமார்