மாப்பிள்ளை உருமாவுக்குள் என் சாக்ஸ்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

தலையில் ஒரு முடிகூட இல்லாத என் அண்ணன் இன்று பாடாங் செராய் கோயிலில் முடிச்சுப் போட்டுவிட்டான்.

ஃபேக்டரி வேலை நிரந்தரமானால் மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருந்தார். போன வாரம்தான் நிரந்தரமானது. மறுநாளே மொட்டை. அண்ணியிடம் சொல்ல அவனுக்குப் பயம். "உருமா மறைச்சிடும்லா," என்றான். அந்த மாப்பிள்ளைத் தலைப்பாகையோ முடி இருந்தபோது வாங்கியது.

காலையில் தாய்மாமன் அதை வைத்ததும் மூக்குவரை இறங்கியது.

"கழட்டிடு தம்பி," என்றார் அம்மா.

"தாய்மாமன் உருமா வைக்காம எவன்க்கா மாப்பிள்ளை?" என்றார் மாமா.

நான் என் பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி உள்ளே திணித்தேன். உருமா ஜம்மென்று நின்றது.

"துவைச்சதா?" என்றான் அண்ணன்.

"துவைச்சதுதாண்ணே."

தாலி கட்டக் குனிந்தான். உருமா சரிந்தது. காதோரம் சாக்ஸ் எட்டிப் பார்த்தது, மேலே மொட்டை பளபளத்தது. நாத்தனார் முடிச்சுக்காக நான் அண்ணியின் பின்னால் நின்றிருந்தேன். அண்ணன் தாலியோடு பாதியில் நின்றுவிட்டான்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். சாக்ஸை உள்ளே தள்ளி, உருமாவை நேராக்கினார்.

"கட்டுங்க மொட்டை. மேளக்காரர் கை வலிக்கப்போகுது."

இப்போதுதான் அண்ணியின் மெசேஜ் வந்தது: "பொய்க்காரி. இது துவைச்ச சாக்ஸா? நான்தான் துவைச்சுக் காயப்போட்டிருக்கேன்."

அதன் ஜோடியையும் நாளைக்குக் கொடுத்தனுப்புவதாகப் பதில் போட்டேன்.