ஒரு சாண் பின் சீற்

13 ஓகஸ்ட் 2011, சனி

மோட்டார் சைக்கிள் எடுக்க மகள் என்னைக் கூப்பிட்டாள். தாயின் புதுப் புருஷனைக் கூப்பிடவில்லை. அந்த ஆளுக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது.

பரமட்டாவில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையில் இரண்டு வண்டிகளைக் காட்டினார்கள். அவளுக்குச் சிவப்பில் கண். பின் சீற் அகலமான கறுப்பை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் அப்பா இது?”

“நான் பின்னால ஏறி வர வசதி.”

சிரித்துவிட்டாள். “புது லைசென்ஸ் எல்லோ, பீ பிளேட்டில பின்னால ஒருத்தரையும் ஏத்தேலாது அப்பா. ஒரு வருஷத்துக்கு நோ வே!”

மாதத்தில் ஒரு ஞாயிறு என்று ஆறு வருடம் கோர்ட் எனக்கு அளந்து கொடுத்த பிள்ளை. இன்னும் ஒரு வருடம் பெரிதல்ல.

சிவப்பையே எடுத்தாள். அதன் பின் சீற் ஒரு சாண்தான். அவள் கையெழுத்துப் போடப் போனபோது கையை வைத்து அளந்தேன்.

ஒடுங்கி இருந்து வரலாம்.