தலையணை உறையில் ஒரு பூனை

14.11.1991, வியாழன்

ஆங்கில வகுப்பு ரீச்சர் இன்று எங்களை மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்குள் ஒரு பழைய தையல் துணி. சிறை வைக்கப்பட்ட ஒரு ராணி தைத்ததாம். செம்பட்டைப் பூனை ஒன்று, அதன் முன்னால் ஒரு எலி. எலி அவளாம், பூனை அவளைச் சிறை வைத்த மற்ற ராணியாம். வாய் திறக்காமல் ஊசியாலேயே சொல்லியிருக்கிறாள் என்றார் ரீச்சர்.

"பாவமடி, எத்தினை வருஷம் தனிய இருந்திருக்கிறாள்" என்றாள் பக்கத்தில் நின்ற வசந்தி. அவள் சொல்லுவாள்தானே. அவளுடைய புருஷன் சனிக்கிழமை வந்து இறங்குகிறார். இரண்டு பேரும் ஒரே கிழமையில்தான் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் புருஷன்மாரை இங்கே கூப்பிட மனுக் கொடுத்தோம். எனக்கு இன்னும் கடிதம் வரவில்லை. என்னுடைய இவர் இன்னும் கொழும்பில் லொட்ஜ் அறையில் கிடக்கிறார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரியும். வயிறு எரிகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு தலையணை உறைகளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"உன்ர கைதான் வடிவு. எங்கட ரெண்டு பேற்ற பேரையும் பூவுக்குள்ள போட்டுத் தாறியே?"

"ஓம், தாறன்" என்றேன். வேறென்ன சொல்ல?

பின்னேரமே இருந்து பேர்களைத் தைத்து முடித்தேன். பிறகு ஓர் உறையின் மடிப்புக்குள், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு எலியும் பூனையும் தைத்தேன். எலி நான். பூனை வசந்தி. பெண் என்று தெரியட்டும் என்று பூனைக்கு ஒரு மூக்குத்தியும் வைத்தேன்.

இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். வசந்தி மூக்குக் குத்தவில்லை. எங்கள் இருவரில் மூக்குத்தி போட்டிருப்பது நான்.