பத்ரோனைத் தெரிவு செய்த நாள்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

இருந்த காலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாதவளுக்கு இப்போது மட்டும் நா எழுமா? இப்படியே கூப்பிடுகிறேன்.

களைத்துப்போய் இருக்கிறேன். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கித் திருப்பி, பஸ்ஸிலேயே தூங்கி வழிந்து வீட்டுக்கு வந்தால், மகள் சொல்கிறாள்: "அம்மா, நாளைக்குப் பத்ரோன் தெரிவு செய்யப் போவம்."

எனக்குப் பகீரென்றது. தையல் தொழிற்சாலையில் இத்தனை வருடம் நீங்கள் பத்ரோன், பத்ரோன் என்று பயந்ததுதானே காதில் இருக்கிறது. "முதலாளியை நாங்களோ பிள்ளை தெரிவு செய்யிறது?" என்றேன். மதுரா விழுந்து விழுந்து சிரித்தாள். துணியில் வைத்து அளவாக வெட்டுகிற காகித மாதிரிக்கும், அதுதான் பற்றனுக்கும், பிரெஞ்சில் அதே சொல்தானாம். உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

பள்ளிக்கூட நாடகத்தில் அவள் விக்டோரியா காலத்துச் சீமாட்டி. பின்பக்கம் தலையணை கட்டியதுபோல உப்பி நிற்கும் பாவாடை வேண்டுமாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரிகளுக்கு வேறு வேலை இல்லை.

ஆனாலும் அவள் சிரித்தது எனக்கு ஆறுதல். நீங்கள் கண்மூடிப் பத்து மாதமாக 'அப்பா' என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை. அழவும் இல்லை. உங்களை மறந்துவிட்டாளோ என்ற பயத்தை நான் யாரிடம் சொல்வேன்?

கடையில் மூன்று பற்றன் உறைகளைப் பரப்பிப் பார்த்தோம். இடுப்புக்கு இலாஸ்டிக் வைத்ததை நான் காட்டினேன். "இது காணும் பிள்ளை. எனக்கு நேராய் ஒரு தையல் போடத் தெரியாது." அவளோ பத்தொன்பது துண்டு வெட்டவேண்டிய பற்றனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கடைக்காரப் பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள். இது கஷ்டமானது, யார் தைக்கப்போவது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"மோன் பேர்," என்றாள் மதுரா. என் அப்பா.

அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும். நான் திருத்தவில்லை. மெட்ரோவில் பிள்ளை என் தோளில் முகம் புதைத்து, இறங்கும்வரை அழுதாள். நானும்தான்.

இப்போது உங்கள் மெஷினில் பழகுகிறேன். பழைய பெட்ஷீட் இரண்டைப் பாழாக்கிவிட்டேன். பின்பக்க மடிப்பை எப்படிப் பிடிப்பது என்று கேட்க ஆளில்லாமல் உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. கோணலாக வந்தாலும் பத்தொன்பது துண்டையும் நானே பொருத்துவேன். நாடகத்தன்று யார் தைத்தது என்று யாராவது கேட்டால், பிள்ளை சொன்னதைத்தான் நானும் சொல்வேன்.

உங்கள் மனுசி,
மதுராவின் அம்மா