கழன்று விழும் பஞ்சு

ஜூலை 8, திங்கள்

இன்றைக்கும் விழுந்தது.

பால் வெள்ளைப் பட்டுப்புடவையை விரித்து, போன் கேமராவுக்கு முன்னால் முந்தானையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். காதிலிருந்த இயர்பட்டின் கறுப்புப் பஞ்சு கழன்று நேராகப் புடவை மேல். அமெரிக்காவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண் "அய்யோ, பூச்சியா அது?" என்றாள். அப்புறம் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஓனர் சபாபதி கல்லாவிலிருந்தே கத்துகிறார். "இன்னா வாணி, ஒரு பஞ்ச காதுல வெச்சுக்கத் தெரியாதா உனுக்கு?"

தெரியாதாம்! வீடியோ காலில் புடவை விற்கிற எங்கள் மூன்று பேருக்கும் இதை வாங்கிக் கொடுத்தது யார்? இருப்பதிலேயே மட்டமான சரக்கு. பஞ்சு இல்லாமல் போட்டால் பிளாஸ்டிக் காதை அறுக்கிறது. பஞ்சு போட்டால் பஞ்சு நிற்பதில்லை. அதுவும் இடது காதில் மட்டும்தான் போட வேண்டும். வலது காது அவர் கூப்பிட்டால் கேட்பதற்கு!

ஜூலை 10, புதன்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மாட்டினேன். காயும்வரை நின்றது. நெயில் பாலிஷ் தடவினேன். நாற்றத்தில் தலைவலி. சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டேன், கல்லாக இறுகிக் குத்தியது. கூட வேலை செய்கிற தையல்நாயகி அக்கா இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சன்னமாக வெட்டிச் சுற்றிக் கொடுத்தாள். மதிய வியர்வையில் அதுவும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

வேறு அளவில் பஞ்சு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். "பஞ்சு வாங்கிக் குடுக்கவா கடை தொறந்து வெச்சிருக்கேன்?" என்றார். ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டக் காசு இருக்கிறது. இதற்கு இல்லை.

ஜூலை 13, சனி

முன்கூட்டியே தொடங்கிவிட்ட ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் நடுவில் பஞ்சைக் காணோம். அடுக்கிலிருந்த புடவைகளை உதறினேன், பாயைத் தூக்கிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. பெருக்கித் தள்ளியிருப்பார்கள். எங்களில் மூன்றாவது ஆள் மஹாலட்சுமி தன்னிடமிருந்து ஒன்று கொடுத்தாள்.

ஜூலை 19, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்! இயர்பட்டின் தலையில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பஞ்சை நன்றாக விரித்து, வாயை உள்பக்கம் மடக்கி மாட்ட வேண்டும். இயர்பட்டின் கழுத்தில் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றி ஒரு முடிச்சு. அவ்வளவுதான். நாள் முழுக்க அசையவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் கட்டிக் கொடுத்தேன்.

ஆனால் இந்த இடது காது ஏனோ மந்தமாக இருக்கிறது. சளியாக இருக்கும்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "பக்கத்துல உக்காந்துக்கினு கூப்டா கூட திரும்பறதில்ல. வேலைக்குப் போறன்னு திமிரா?"

திமிராம். எனக்கு.

ஜூலை 24, புதன்

சிங்கப்பூரிலிருந்து கிருஷ்ணம்மாள் என்று ஒரு அம்மா. அறுபதாம் கல்யாணத்துக்கு அரக்குப் புடவை. நல்ல பெரிய பார்டராக எடுத்துக் காட்டி, அனுப்பச் சொல்லிவிட்டேன். கடைசியில் லைன் சரியில்லை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

புடவை போய்ச் சேர்ந்து, அந்த அம்மா ஓனரிடம் சத்தம் போட்டிருக்கிறார். தோள் வலி, பெரிய பார்டர் வேணாம் என்று படித்துப் படித்துச் சொன்னாராம். எனக்கு "வேணும்" என்றுதான் கேட்டது. கடை நிறைய ஆட்கள். அவ்வளவு பேர் முன்னாடி ஓனர் கேட்டார்: "காதுல இன்னா பஞ்சா அடச்சு வெச்சிருக்குற?" வந்தவர்கள் சிரித்தார்கள். இனிமேல் எனக்குப் போன் கிடையாது, உள்ளே உட்கார்ந்து புடவை மடிக்க வேண்டுமாம்.

அந்தப் போன் காலின் பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். "பெரிய பார்டர் வேணாம்மா." தெளிவாக, மணி மாதிரி. எனக்கே கேட்டது.

அப்படியென்றால் அன்றைக்கு எனக்கு என்ன ஆனது?

வீட்டுக்கு வந்து போனை வலது காதில் வைத்தேன், நன்றாகக் கேட்டது. இடது காதில் வைத்தேன். ஒன்றுமே இல்லை, ஒரு முணுமுணுப்பு.

ஆகஸ்ட் 3, சனி

காதுக்குள் குடைச்சல் தாங்காமல் காலையில் ஹேர்பின்னை விட்டேன். உயிர் போகிற வலி. பின்னில் சீழும் ரத்தமும். இவர் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துப் போய், ஆடிப்பெருக்குப் பூஜையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

காது டாக்டர் அம்மா விளக்கு வைத்துப் பார்த்தார். இடுக்கியால் எதையோ மெதுவாக இழுத்துத் தட்டில் போட்டார். கறுப்பாக, நைந்து போய், ஒரு பஞ்சு.

"இத உள்ள வெச்சுக்கினு எப்படிமா இருந்த?"

அன்றைக்குக் கடையெல்லாம் தேடினேனே! என் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதன்மேல் இன்னொன்றை மாட்டி, நூல் கட்டி, ஜெயித்துவிட்டேன் என்று எழுதி வேறு வைத்திருக்கிறேன்.

காது ஜவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். தானாக மூடிக்கொள்ளலாம், மூடாமலும் போகலாம். தண்ணீர் படக் கூடாது, காதில் எதையும் மாட்டக் கூடாது.

திரும்பி வரும்போது இவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, "திமிருன்னு சொன்னத மனசுல வெச்சுக்காத வாணி" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, என் வலது காதுப் பக்கமாகத் திரும்பி இன்னொரு முறை சொன்னார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பஞ்சை ஒரு மாத்திரை டப்பியில் போட்டு எடுத்துப் போனேன். ஓனர் மேஜையில் திறந்து வைத்தேன்.

"காதுல பஞ்சா அடச்சிருக்குதுன்னு கேட்டீங்களே சார். ஆமா. இதுதான்."

டப்பியை விரலால் ஓரமாகத் தள்ளினார். அப்புறம், "அதுக்கு நான் இன்னாமா பண்றது? பாத்துப் போட்டுக்கணும்ல?"

கேட்டேன், நாலு முறை கேட்டேன், வேறு வாங்கிக் கொடுங்கள் என்று! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரம், தையல்நாயகி அக்கா எழுந்து வந்தாள். தன் காதிலிருந்ததைக் கழற்றி டப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். "என் காது எனுக்கு வேணும் சார்" என்றாள். மஹாலட்சுமியும் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் புடவை மடித்தோம். கடைசியில் ஓனரே காதில் மாட்டிக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றார். பஞ்சு விழுந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். மஹாலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓனர் குனிவதற்கு என் காதில் ஓட்டை விழ வேண்டுமா?

ஆகஸ்ட் 9, வெள்ளி

தலையில் மாட்டுகிற பெரிய ஹெட்செட் வந்துவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் ஓனர் சொல்கிறார்: "நம்ம பொண்ணுங்க கஷ்டப்படக் கூடாதுன்னு நானே பாத்து வாங்கினேன்." நானே பாத்து!

கிருஷ்ணம்மாளுக்கு நானே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "உன்னப் பத்திப் போயி கத்திட்டேனே" என்றார். சின்ன பார்டரில் ஒன்றை நானே எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

செப்டம்பர் 12, வியாழன்

காதைப் பார்த்தார்கள். ஓட்டை பாதிதான் மூடியிருக்கிறது. இன்னும் பொறுக்கச் சொல்கிறார் டாக்டர். இடது பக்கம் உலகம் தள்ளியே நிற்கிறது.

ஓனர் இன்றுவரை ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்ற நினைப்பும் போய்விட்டது.

சாயங்காலம் என் இடது பக்கம் வந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நிறுத்தினார். விரித்துக் கிடந்த புடவைகளைத் தாண்டி, மேஜையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, "வாணிமா, அந்த மாம்பழக் கலர் எங்க இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன்.