அந்த இருமல் செல்வியுடையது அல்ல

மச்சான்,

மூன்று வாரத்துக்கு முன் லேபின் உறைபெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். கடைசி அடுக்கில் பனி மூடிக் கிடந்த ஒரு சின்னக் குழாயைத் துடைத்துப் பார்த்தால் உன் கையெழுத்து. கோழி கிளறியது போல, "செல்வி, பம்மல், பெரியவர்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. நீ போய் ஐந்து மாதமாகிறது. விரல் மரத்துப்போகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், பிறகு பரிசோதனைக்குக் கொடுத்தேன். இன்று காலை அந்தக் குழாயின் முடிவு வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மழைக்காலம் முழுக்க நாம் ஒரே ஸ்கூட்டரில் சுற்றினோம். நீ ஓட்டுவாய், ஐஸ் பெட்டி என் மடியில் இருக்கும். பச்சைப் பிள்ளைகளுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் தருகிற ஆர்.எஸ்.வி. வைரஸில் எந்தெந்த வகை தாம்பரத்தைச் சுற்றி உலவுகிறது என்று பார்க்க, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுப்பதுதான் வேலை. அழுகிற பிள்ளையிடம், "நானும் உன்ன மாதிரிதான், ஊசின்னா ஓடிடுவேன், இது வெறும் குச்சிதான்" என்று நீ சத்தியம் செய்வாய். பிள்ளை நம்பாது. தாய்மார் நம்பிவிடுவார்கள்.

சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்த டே கேரில் ஒரே வாரத்தில் ஆறு குழந்தைகளுக்கு இருமல். ஏழு மாதக் குழந்தை ஒன்றை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். ஆறு பேரிடமும் மாதிரி எடுத்துவிட்டுக் கிளம்பும்போது நடத்துகிற மேடம் என்னிடம், "யாருகிட்டருந்து சார் வந்திருக்கும்?" என்று கேட்டார். நான் மேதாவி அல்லவா? "முதல்ல யாருக்கு இருமல் வந்துச்சுன்னு பாருங்க மேடம், அங்கேருந்துதான்" என்று சொல்லிவிட்டேன். முதலில் இருமியவள் ஆயாவாக இருந்த செல்வி. மறுநாளே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் நீ வண்டியை ஓரங்கட்டினாய். "முதல்ல இருமினவதான் குடுத்தான்னு எந்த மிஷின்டா உனக்குச் சொல்லிச்சு?" என்றாய். என்னை இறக்கிவிட்டுத் தனியாகவே பம்மலுக்குப் போய், செல்வியிடம் விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கி, மாதிரியும் எடுத்து வந்தாய். "பெரியவங்க நம்ம லிஸ்ட்லயே இல்ல மச்சான், டியூப் வேஸ்ட்" என்றேன் நான், அப்போதும் அடங்காமல். "லிஸ்ட்ல இல்லாதவங்களுக்கு மூக்கு இல்லையா?" என்று கேட்டாய். ஆய்வை நடத்துகிற நம் டாக்டர் மேடம், பிள்ளைகளின் மாதிரிகள் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதை உறைபெட்டிக்குள் வைக்கச் சொன்னார். தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவே இல்லை. அந்தக் குழாய் நம் எல்லாருக்கும் மறந்துபோயிற்று.

இப்போது கேள். செல்வியிடம் இருந்தது பி. குழந்தைகள் ஆறு பேரிடமும் இருந்தது ஏ.

நமக்குத் தெரிந்ததுதான், ஆர்.எஸ்.வி.க்கு ஏ, பி என்று இரண்டு பெரிய கிளை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும்போது அதன் மரபணு எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும். ஆனால் ஏ கிளையில் இருப்பது நாலு நாளில் பி ஆகிவிடாது. குழந்தைகள் ஆறு பேருடைய எழுத்துகளும் அச்சு அசலாக ஒன்று, அந்த அறைக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. செல்வியுடையதோ, பம்மலில் அவள் தெருவுக்குப் பின்னால் நாம் மாதிரி எடுத்த மூன்று பிள்ளைகளுடையதை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரே மழைக்காலம், ஸ்கூட்டரில் அரை மணி தூரம், இரண்டு கிளையும் தன் தன் பாட்டுக்கு ஊர் சுற்றியிருக்கின்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் டீயைக் கொட்டிக்கொண்டாள். குழந்தைகளுக்கு யார் கொடுத்தது என்பது இன்னும் தெரியாது. செல்வி இல்லை என்பது தெரியும்.

டாக்டர் மேடத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு மத்தியானமே பம்மலுக்குப் பறந்தேன். செல்வி இப்போது தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "இன்னா சார், நீ மட்டும் வந்துகீற? அந்தண்ணன் எங்க?" என்றாள். சொன்னேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு முடிவைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஆஸ்பத்திரில இருந்துச்சே, அந்தச் சின்னது நல்லாகீதா?" என்பதுதான். நடக்கவே ஆரம்பித்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

"அந்தண்ணனாண்ட அன்னிக்கே கேட்டேன் சார், என்னாலயா இல்லியான்னு. தெரியாதும்மா, பாத்துட்டுச் சொல்றேன்னாரு. அதுலேர்ந்து எந்தக் கொயந்த இருமினாலும் தள்ளிப் போயி நின்னுக்குவேன்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னாள். "மேடத்தாண்ட நாந்தான்னு போட்டுக் குடுத்தது யாருன்னும் கேட்டேன். அதுவும் தெரியாதுன்னுட்டாரு."

முதல் தடவை நீ தெரியாது என்றது உண்மை. இரண்டாவது தடவை சொன்னது எனக்காக. சாகும்வரை என்னிடம்கூட அதைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. இன்றுதான் எனக்குத் தெரியும்.

நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன் மச்சான். செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நாளைக்கி எங்கூட சேலையூர் வா. கொயந்தைங்கள விட வர்ற அம்மாங்க முன்னாடி, உன் வாயால சொல்லு" என்றாள். எட்டரை மணிக்குப் போகிறோம். நீ எனக்காகச் சுமந்த அந்தப் பொய்யை அங்கேதான் நான் இறக்கிவைக்கப் போகிறேன்.